பிளஸ் ஒன்: எந்த குரூப், எவ்வளவு சுமை?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 441 மதிப்பெண்: தமிழ் 94, ஆங்கிலம் 86, கணிதம் 73, அறிவியல் 91, சமூக அறிவியல் 97. நர்சிங் படிக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பு என்று ஆசைப்படுகிறாள்; கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் (இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்) கேட்கிறாள். என் கணவர், "பயோ மேக்ஸ் (இயற்பியல், வேதியியலுடன் உயிரியலும் கணிதமும்) எடுத்தால் டாக்டருக்கும் போகலாம், இன்ஜினீயருக்கும் போகலாம்" என்கிறார். என் அண்ணன் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்து, செலவைத் தானே ஏற்பதாகச் சொல்கிறார். உள்ளூரிலேயே படித்தால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் டியூஷன், சனி ஞாயிறில் நீட் பயிற்சி என்று திட்டம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவாள். இப்போதே சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?
ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விடுதிப் பள்ளி. முன்பணம் கட்டிவிட வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது தவிர, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்தவள் கடைசி இரண்டு ஆண்டுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால், இவை எல்லாமே கைவிட்டுப் போகும். உங்கள் கணவருடைய டாக்டர், இன்ஜினீயர் ஆசைக்கே இந்த மாற்றம்தான் பெரிய கேடு. அவள் இருக்கும் பள்ளியிலேயே இருக்கட்டும்.

இனி குரூப். "இரண்டுக்கும் போகலாம்" என்ற பேச்சை ஒவ்வொரு மே மாதமும் கேட்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலுக்கு அங்கே இடமே இல்லை. நீட் தேர்வு 720. அதில் பாதி, 360, உயிரியல். கணிதத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆக, பயோ மேக்ஸ் எடுக்கிறவர்கள் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெரிய பாடத்தை அங்கே கணக்கில் வராமலே இரண்டு ஆண்டுகள் சுமக்கிறார்கள். கணிதம் இயல்பாக வருகிற பிள்ளைக்கு அந்தச் சுமை தெரியாது. அவர்களுக்கு நானே பயோ மேக்ஸ்தான் சொல்வேன். உங்கள் மகளுக்குச் சொல்லத் தயங்குகிறேன்.

காரணம் அந்த 73. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் மோசமில்லை. ஆனால் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வடிவியலும் வரைபடமும் மட்டும் எட்டு எட்டாக 16 மதிப்பெண். இவற்றைப் பயிற்சியாலேயே வாங்கிவிடலாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மீதி 70 மதிப்பெண்தான் யோசித்துப் போட வேண்டிய கணக்குகள். திருப்புதல் தேர்வுத் தாள்களை வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துப் பாருங்கள். கூட்டல் கழித்தலில் தவறியிருந்தால் கவலையில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கணக்குகளை விட்டிருந்தால், பிளஸ் ஒன் கணிதம் அவளை ஜூலையிலேயே திணறடிக்கும். கை கொடுத்த அந்த 16 மதிப்பெண் அங்கே கிடையாது.

ஆகவே என் சாய்வு ப்யூர் சயின்ஸ் பக்கம். அவள் விரும்பும் நர்சிங்குக்கும் மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்புக்கும் கணிதம் தேவையில்லை. நீட் எழுதவும் தடையில்லை. வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பிக்கலாம். சட்டம், கலைப் படிப்புகள், பட்டம் பெற்றபின் அரசு வேலைத் தேர்வுகள் எல்லாமே உண்டு. பொறியியல் கலந்தாய்வு, கட்டடக் கலை, கணிதம் கேட்கும் பட்டப்படிப்புகள் மட்டும் இல்லை என்றாகிவிடும். இதைக் கணவரிடம் மழுப்பாமல் சொல்லுங்கள். பிறகு அவருக்குத் தெரியவந்தால், பழி மகள்மேல்தான் விழும்.

மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கணிதத்துக்குப் பயந்து ப்யூர் சயின்ஸ் எடுக்கிற பலர், இயற்பியல் என்று ஒன்று அங்கே காத்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது அலகு இயக்கவியல். வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்கேயே வந்துவிடும். கணிதப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. கணிதம் படிக்கிற பிள்ளைக்கே முதல் பருவத்தில் இயற்பியல் இருட்டாக இருப்பது இதனால்தான். அவர்களுக்காவது ஜனவரியில் தெளிந்துவிடும். ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கக் கணித வகுப்பே கிடையாது. எனவே பள்ளி திறக்கும் முன், பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தாவது பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை வாங்கி, இரண்டாம் அலகின் முதல் பத்துப் பக்கத்தை ஒரு வாரம் படிக்கச் சொல்லுங்கள். தாவரவியல், விலங்கியல் புத்தகங்களையும் கூடவே வையுங்கள். புரிகிறதா என்பதைவிட, புரியாத இடத்தில் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். மறுபடி படித்துப் பார்க்கிறாளா, மூடி வைத்துவிடுகிறாளா? அந்த ஒரு வாரம் உறவினர்கள் அத்தனை பேர் யோசனையையும்விட அதிகம் சொல்லும்.

அந்தக் கால அட்டவணையைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது. இரவு எட்டரைக்கு வருகிறாள். சாப்பிட்டு உட்கார ஒன்பதாகும். காலை நாலே முக்காலுக்கு எழ வேண்டும். பத்தரைக்குப் படுத்தாலும் ஆறே கால் மணி நேரத் தூக்கம்தான். நாள் முழுவதிலும் அவள் தானாக உட்கார்ந்து படிக்க ஒன்றரை மணி நேரம். பாடம் ஆறு. செய்முறை ரெக்கார்டு நோட்டுகளும் அதற்குள்தான் எழுத வேண்டும். டியூஷனில் உட்கார்ந்திருப்பது படிப்பு ஆகாது; அதுவும் கேட்பதுதான். பள்ளியில் கேட்டதை மறுபடி கேட்கவும் மறுபடி எழுதவும் நேரமெல்லாம் போய்விட்டால், மனத்தில் எப்போது பதியும்? பதினைந்து வயதுப் பிள்ளை சாப்பிடாமல் இருப்பதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அட்டவணையைக் குறைத்த பிறகும் இரண்டு வாரத்தில் பசி திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே ஒரு டியூஷன் போதும்: இயற்பியல், வாரம் மூன்று மாலை. மற்ற நாள்களில் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்கட்டும். அன்றைய பாடத்தை அன்றே இரண்டு மணி நேரம் பார்க்கட்டும். ரெக்கார்டை செய்முறை வகுப்பு நடந்த அன்றே எழுதி முடிப்பது சின்ன விஷயம்தான். ஆனால் டிசம்பரில் தோழிகள் கண்விழித்துப் படம் வரையும்போது இவள் தூங்குவாள். ஞாயிறு பிற்பகலை யாரும் தொட வேண்டாம்.

நீட் பயிற்சி? அவளிடமே கேளுங்கள். நர்சிங்தான் இலக்கு என்றால் இப்போது தேவையே இல்லை. எழுதிப் பார்க்கிறேன் என்றால், காலாண்டுத் தேர்வு முடியட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே நடத்தும் இலவசப் பயிற்சியைப் பற்றி ஆசிரியரிடம் விசாரிக்கலாம். பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடாமல் இருப்பதுதான் அதைவிட முக்கியம். முன்பு பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதி, சரிதான். ஆனால் நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்தே வருகின்றன. கல்லூரி முதலாண்டு உயிர்வேதியியலும் அதன் மேல்தான் நிற்கிறது. பள்ளியில் பாடத்தைத் தாண்டிப் போனால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், சகோதரி. தயங்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு தவறான குரூப் என்று தோன்றினால், முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரைப் பாருங்கள். இடமிருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். காலாண்டு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

உங்கள் அண்ணனின் மனத்தைப் புண்படுத்த வேண்டாம். தங்கை மகளுக்குச் செலவழிக்க வருகிற மாமன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இயற்பியல் டியூஷன் கட்டணத்தை அவரே கட்டட்டும். மழைக்காலத்தில் மாலை டியூஷன் முடிந்து பஸ் கிடைக்காத நாளில் ஆட்டோவுக்கும் கொடுக்கட்டும். விடுதிக்கு வைத்திருந்த மீதியை, பிளஸ் டூ முடிந்ததும் கல்லூரிச் சேர்க்கைக்கு அவள் பெயரிலேயே அஞ்சலகத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.