பத்தாயத்துச் சாவி யாரிடம்? கிரிப்டோ சேமிப்பு: வாசகர் கேள்வி - பதில்

"எந்த காயின் ஏறும்?" என்று கேட்ட கடிதங்களை இந்த இதழில் ஒதுக்கிவிட்டோம். அதற்குப் பதில் தெரிந்தவர் பத்திரிகைக்குப் பத்தி எழுதிக்கொண்டிருக்க மாட்டார். வாங்கியதை வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: சம்பா நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறிவிட்டது. அதில் 60,000 ரூபாயை பிட்காயினில் போட்டுப் பத்து வருஷம் தொடாமல் வைக்க நினைக்கிறேன். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. மொத்தமாகப் போடலாமா, பிரித்தா?
- மன்னார்குடி வாசகர்

முதலில் ஒரு கேள்வி எங்களுடையது: சொசைட்டியில் நகை அடமானத்தில் இருக்கிறதா? இருந்தால் அதை மீட்டுவிட்டு வாருங்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது காயின் வாங்கினால், கடன் வாங்கி காயின் வாங்கியதாகத்தான் அர்த்தம். குறுவைக்கு விதை, உரம், உழவுக் கூலி எவ்வளவு வரும் என்று பார்த்து அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். மிஞ்சும் சேமிப்பில் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் பத்து. அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

காரணம் இதுதான். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே. லட்ச ரூபாய் போட்டவர் கையில் டாலர் கணக்கில் 23,000 நின்றது. 2024 டிசம்பரில் அதே பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது உண்மைதான். ஆனால் நடுவில் பெண் கல்யாணமோ போர்வெல் பழுதோ வந்து விற்றவருக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன்?

சம்பா பணம் மாசியில் வருகிறது, குறுவைப் பணம் ஐப்பசியில். நடுவே எட்டு மாதம். 60,000-ஐ எட்டாகப் பிரித்து மாதம் 7,500 ரூபாய்க்கு ஒரே தேதியில் வாங்குங்கள். மீதியை வங்கியில் குறுகிய கால டெபாசிட்டில் வையுங்கள். விலை இறங்கிய மாதம் அதிக அளவு கிடைக்கும், ஏறிய மாதம் குறைவாகக் கிடைக்கும். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை, உச்சத்தில் மொத்தமாக மாட்டாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

வாங்கும் செயலியை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 500 ரூபாய்க்கு வாங்கி, உடனே விற்கும் பக்கத்துக்குப் போய் எவ்வளவு தருவதாகக் காட்டுகிறது என்று பாருங்கள். 485 என்று காட்டினால் போக-வர 3 சதவீதம் போய்விட்டது. "கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்யும் செயலிகளிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இந்தக் கழிவு ஒளிந்திருக்கும். உடனடிக் கொள்முதல் பொத்தானை விட்டுவிட்டு, விலையை நீங்களே குறித்துக் கொடுக்கும் ஆர்டர் புக் பக்கத்தில் வாங்கினால் பெரும்பாலும் இது குறையும். எக்ஸ்சேஞ்ச், அதாவது அந்தச் செயலியை நடத்தும் காயின் சந்தை நிறுவனம், வசூலிக்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இன்னொன்று: காயினை வெளியே சொந்த வாலட்டுக்கு (சாவியை நீங்களே வைத்துக்கொள்ளும் காயின் பைக்கு) எடுக்க அந்தச் செயலி விடுகிறதா என்று பணம் போடும் முன்பே பாருங்கள். சிலவற்றில் வாங்கலாம், விற்கலாம், வெளியே எடுக்க முடியாது.

கேள்வி: செயலியிலேயே விட்டுவைப்பது நல்லதா, ஹார்டுவேர் வாலட் (காயினின் சாவியைத் தனியே வைத்திருக்கும் சிறு கருவி) வாங்குவதா? வைத்திருப்பது ஒன்றரை லட்ச ரூபாய் அளவு.
- கும்பகோணம் வாசகர்

செயலியில் விட்டால், நெல் உங்களுடையது, பத்தாயமும் சாவியும் அடுத்தவருடையது. 2014-இல் மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் இரண்டும் திவாலாயின. 2024 ஜூலையில் நம் நாட்டு வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்குக் கிடையாது. எக்ஸ்சேஞ்ச் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவானதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிவு கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்கானது, உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் அல்ல.

அதற்காக எல்லோரும் ஓடிப்போய்க் கருவி வாங்க வேண்டாம். கருவியின் விலையே சில ஆயிரம். ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருப்பவர்கள் பொறுக்கலாம். ஒன்றரை லட்சம் என்றால் வாங்குவதுதான் சரி. லெட்ஜர், ட்ரெசர் இரண்டும் பழகிய பெயர்கள். தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பழைய கருவி வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் ஏற்கெனவே வாலட்டைத் திறக்கும் சொற்கள் அச்சடித்த அட்டை இருந்தால் அது திருடன் வைத்த அட்டை. சொற்களை உங்கள் கண்ணெதிரே கருவிதான் உருவாக்கிக் காட்ட வேண்டும்.

அந்த 12 அல்லது 24 சொற்கள்தான் சீட் பிரேஸ், அதாவது சாவி. கருவி உடைந்தால் வேறு கருவி வாங்கிச் சொற்களை ஏற்றினால் காயின் அப்படியே நிற்கும். சொற்கள் போனால், கருவியும் பழுதாகும் நாளில் எல்லாம் போச்சு. கையால் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். போனில் எடுத்த படம் தானாகவே கூகுள் கணக்குக்கு ஏறிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

எழுதியதும் பெரும்பாலோர் செய்யாமல் விடுவது ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாய் அளவு காயினை மட்டும் முதலில் வாலட்டுக்கு அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் கருவியை முழுவதுமாக அழித்துவிடுங்கள். லெட்ஜரில் ரகசிய எண்ணை மூன்று முறை தப்பாகப் போட்டாலே அழிந்துவிடும். பிறகு தாளில் எழுதியதைப் பார்த்துச் சொற்களை ஏற்றுங்கள். ஆயிரம் ரூபாய் திரும்பத் தெரிந்தால் எழுதியது சரி. தெரியாவிட்டால் எங்கேயோ ஒரு சொல் தப்பு, அல்லது வரிசை மாறிவிட்டது. ஆயிரத்தோடு பாடம் முடிந்தது. மீதியை இதற்குப் பிறகுதான் அனுப்ப வேண்டும்.

அனுப்பும்போது முகவரியைக் கணினித் திரையில் பார்த்தால் போதாது, கருவியின் திரையில் காட்டுவதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. மாதாமாதம் சின்னத் தொகையாக அனுப்பவும் வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் வசூலிக்கும் வெளியெடுப்புக் கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பார்க்காத நிலையான கட்டணம். தவிர, பிட்காயினில் நீங்கள் பெற்ற ஒவ்வொரு வரவும் தனித்தனிச் சில்லறையாகவே நிற்கும். பின்னால் மொத்தமாக அனுப்பும்போது எத்தனை சில்லறை சேர்கிறதோ அந்த அளவுக்குத் தரவு கூடும், நெட்வொர்க் கட்டணமும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

கேள்வி: வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்ததில் 12 சொற்கள் எழுதிய தாள் நைந்து இரண்டு சொற்கள் அழிந்துவிட்டன. போனில் வாலட் இன்னும் திறக்கிறது. ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்கிறார்.
- வேதாரண்யம் வாசகர்

அவரிடம் கொடுக்காதீர்கள். பத்துச் சொற்களைக் காட்டினாலே முக்கால் கிணறு தாண்டியாயிற்று. கணக்கைப் பாருங்கள்: சொற்கள் வருவது 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து. இரண்டு சொல் தெரியாவிட்டால் சுமார் 42 லட்சம் சேர்க்கைகள். கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருப்பதால் அவற்றில் பதினாறில் ஒன்றுதான் செல்லும், அதாவது சுமார் 2,62,000. ஒரு சாதாரண கணினியே சோதித்துத் தீர்த்துவிடும். அவருக்கு 5,000 எதற்கு, உங்கள் காயினே கிடைத்துவிடுமே!

போன் திறக்கும் வரை உங்களுக்குக் கவலையில்லை. இன்றைக்கே புதிய வாலட் உருவாக்கி, புதிய சொற்களை எழுதி, அழித்து ஏற்றிப் பார்த்து, பழையதிலிருந்து எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். போன் கீழே விழுந்து உடையும் முன்.

இனிமேல் காகிதம் மட்டும் போதாது. 2018-இல் கஜா கரையேறிய ஊர்ப்பக்கம் இருக்கிறீர்கள். உப்புக்காற்று, வெள்ளம், கரையான் மூன்றுக்கும் காகிதம் தாங்காது. லேமினேஷனும் ஓரம் பிரிந்தால் உள்ளே ஈரம் ஏறும். எவர்சில்வர் தகடு ஒன்று வாங்குங்கள், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் வளையாது. பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அங்கே கொடுத்துவிடாதீர்கள்! வெட்டியவருக்கும் சாவி கிடைத்துவிடும். இரும்புக் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் கிடைக்கும், 3 மில்லிமீட்டர் எழுத்து போதும். தகட்டை இரும்புக் கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தால் பதியும். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆகவே நான்கு எழுத்து பதித்தாலே சொல் அடையாளமாகிவிடும். 12 சொல்லுக்கு அதிகபட்சம் 48 அடி. வரிசை எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். அலுமினியம் வேண்டாம். 660 டிகிரியில் உருகிவிடும், எவர்சில்வர் 1,400 டிகிரி வரை நிற்கும்.

ஒரு தகடு வீட்டில், இன்னொன்று வெள்ளம் ஏறாத ஊரில் நம்பிக்கையான உறவு வீட்டிலோ வங்கி லாக்கரிலோ. பாதிச் சொல் இங்கே, பாதிச் சொல் அங்கே என்று பிரிப்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஒன்று தொலைந்தால் இரண்டும் வீண்.

கேள்வி: ஆசிரியராக இருக்கிறேன், சம்பளத்துக்கு வரி கட்டுகிறேன். ஒரு காயினில் 80,000 லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம். 30,000-க்குத்தானே வரி? எனக்கு நிலமும் இருப்பதால் விவசாய வருமானத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் நண்பர்.
- திருவாரூர் வாசகர்

நண்பரை நாற்றங்காலோடு நிறுத்தச் சொல்லுங்கள். விவசாய நிலத்திலிருந்து வருவது மட்டும்தான் விவசாய வருமானம்.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆக 80,000-க்கு வரி 24,000, செஸ் 960, மொத்தம் 24,960. நிஜத்தில் உங்களுக்கு மிஞ்சியது 30,000. வரி போக 5,040. இந்த விதிக்கு நியாயம் கற்பிக்க எங்களால் முடியவில்லை, ஆனால் விதி இதுதான். பல காயின்களில் பரப்பி விளையாடுவதை இந்த ஒரு கணக்கே தடுக்க வேண்டும்.

விற்ற தொகையில் 1 சதவீத டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். இரண்டும் சேர்த்து 2,20,000-க்கு விற்றிருந்தால் 2,200. படிவம் 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வரியில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று மாற்றினாலும் விற்றதாகத்தான் கணக்கு, கையில் ரூபாய் வராவிட்டாலும் வரி உண்டு. விற்காமல் வைத்திருந்தால் வரி இல்லை. வாங்கிய விலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, கருவி வாங்கிய செலவு உட்பட.

ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது. ஐடிஆர்-2-இல் இதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. பாக்கி வரி 10,000-ஐத் தாண்டுவதால் மார்ச் 15-க்குள் முன்வரி கட்டியிருக்க வேண்டும். தவறினால் வட்டி போடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் தரும் வரவு-செலவு அறிக்கையை ஏப்ரல் பிறந்ததும் இறக்கிக் கணினியில் வையுங்கள். பத்து வருஷம் கழித்து விற்கும்போது வாங்கிய விலைக்கு அதுதான் சாட்சி, செயலியே அன்றைக்கு இருக்குமோ என்னவோ.

கேள்வி: டெலிகிராம் குழுவில் தினம் 1 சதவீதம் தருகிறார்கள். சேரலாமா?
- மயிலாடுதுறை வாசகர்

தினம் 1 சதவீதம் வளர்ந்தால் ஒரு லட்சம் ஒரு வருஷத்தில் 37 லட்சத்தைத் தாண்டும். அப்படி விளைகிற வயல் வைத்திருப்பவர் உங்களைக் கூட்டாளியாக ஏன் தேடுகிறார்? பணத்தை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். எந்த எக்ஸ்சேஞ்சும் வரியை முன்பணமாகக் கேட்காது. ஏற்கெனவே போட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் வங்கியால் தடுக்க முடியும்.

கேள்வி: யுஎஸ்டிடி-யை (டாலர் மதிப்பையொட்டி நிற்கும் காயின்) எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினேன். வெற்றி என்று காட்டுகிறது, கணக்கில் ஏறவில்லை.
- கூத்தாநல்லூர் வாசகர்

நெட்வொர்க், அதாவது காயின் போகும் பாதை, மாறியிருக்கும். எதேரியம், பிஎன்பி செயின் என்ற இரண்டு நெட்வொர்க்குகளும் ஒரே வடிவ முகவரியைப் பயன்படுத்துவதால் மாற்றி அனுப்பினாலும் வாலட் தடுக்காது. ட்ரான் என்ற நெட்வொர்க்கில் முகவரியின் வடிவமே வேறு என்பதால் அங்கே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். பரிவர்த்தனை எண்ணை எடுத்து எக்ஸ்சேஞ்சின் உதவிப் பக்கத்தில் செயலிக்குள்ளிருந்தே புகார் கொடுங்கள். அந்த முகவரியின் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. சிலர் கட்டணம் வாங்கி மீட்டுத் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். சொந்த வாலட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்ததுமே தெரிந்திருக்கும். கூகுளில் தேடி வரும் "கஸ்டமர் கேர்" எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள்.

கேள்வி: கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். காயின் வாங்கி வைத்திருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால்?
- பட்டுக்கோட்டை வாசகி

கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்சில் இருப்பதை இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் கொடுத்துக் கேட்கலாம். தாமதமானாலும் கேட்க ஒரு இடம் இருக்கிறது. சொந்த வாலட்டில் இருந்தால் தாலுகா ஆபீஸும் கோர்ட்டும் தீர்ப்பு எழுதலாம், காயினை எடுத்துத் தர முடியாது.

அவரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். எந்தெந்தச் செயலி, எந்த மொபைல் எண், எந்த மின்னஞ்சல், கருவி எங்கே, தகடு எங்கே. சீட் பிரேஸ் அந்தத் தாளில் இருக்கக் கூடாது, உயிலிலும் கூடாது. உயிலைப் பலர் படிப்பார்கள். ஓடிபி வரும் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறு ஒருவருக்குப் போய்விடும், அதையும் கவனியுங்கள். 25-ஆவது சொல் என்று கூடுதல் கடவுச்சொல் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்திருந்தால் தகடு கிடைத்தும் வாலட் காலியாகவே காட்டும்.

அடுத்த முறை லீவில் வரும்போது ஒரு மத்தியானம் உட்காருங்கள். ஐநூறு ரூபாய் மட்டும் உள்ள ஒரு புது வாலட்டை அழித்துவிட்டு, அவர் பக்கத்தில் சும்மா இருக்க, நீங்கள் உங்கள் கையால் சொற்களை ஏற்றி எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்று ரூபாயாக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறினீர்களோ அதை அந்தத் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதி வையுங்கள்.