காரம் எரிகிறது, வாய் திறக்கவில்லை: குன்யா (மடித்த வெற்றிலைப் பாக்கு) போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் பர்மாவில் உள்ள மோல்மேனில் இருக்கிறோம். எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்குள் நான்கு பேருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. காய்கறிக்கு அடிக்கும் மருந்துதான் காரணம் என்று சிலரும், அஜினோமோட்டோ என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். 46 வயதான என் கணவர் இளம் வயதிலிருந்தே குன்யா போடுகிறார். போன வருடம் புகையிலையை விட்டுவிட்டு, இப்போது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும் போடுகிறார். சில மாதங்களாகக் காரம் பட்டால் வாய் எரிகிறதாம். வாயை அகலமாகத் திறக்கவும் முடியவில்லை. இது புற்றுநோயா? எங்கள் பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க முடியுமா?

பதில்: உங்கள் கணவருக்கு இருப்பது புற்றுநோய் என்று கடிதத்தைப் படித்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் காரம் எரிவதும் வாய் திறப்பு குறைவதும் சேர்ந்து வந்தால், பாக்கு மெல்லுபவர்களுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார் படர்ந்து இறுகும் நோயைத்தான். மருத்துவர் சீட்டில் இதை 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்று எழுதுவார். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் சவ்வின் அடியில் நார்ப் புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. பாக்கிலுள்ள செம்புச் சத்து அந்த நார் கரையாமல் கெட்டிப்பட உதவுகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு ஓடுவது போலத் தட்டுப்படும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் இந்த நிலையில் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோயாக மாறுகிறது. ஆகவே இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புகையிலையை விட்டது நல்ல காரியம்தான். அதோடு ஆபத்து நீங்கிவிட்டது என்று அவர் நினைத்தால் அது தவறு. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. சுண்ணாம்பும் சாதுவான பொருள் அல்ல: அது சவ்வைப் புண்ணாக்குவதோடு, பாக்கின் வேதிப்பொருள்களிலிருந்து செல்களைக் கெடுக்கும் பொருள்கள் உருவாகவும் வழி செய்கிறது. மடித்த குன்யாவைக் கன்னத்தில் ஒதுக்கியபடியே இரவில் தூங்கிவிடும் வழக்கம் சிலருக்கு உண்டு. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அந்தச் சாறு ஊறுவதால், இந்தப் பழக்கத்திலேயே மிக மோசமானது அதுதான்.

தெருவில் நான்கு பேர் என்பது அச்சம் தரும் செய்திதான். ஆயினும் புற்றுநோய் பெரும்பாலும் வயது ஏற ஏற வருவது. மக்கள் நீண்ட காலம் வாழ்வதாலும், முன்பு பெயர் தெரியாமலே போன நோய்கள் இப்போது கண்டறியப்படுவதாலும் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்த நால்வருக்கும் எந்த உறுப்பில் வந்தது என்று விசாரித்துப் பாருங்கள்; வெவ்வேறு உறுப்புகள் என்றால் காரணங்களும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருக்கும். அஜினோமோட்டோ புற்றுநோய் உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பூச்சிமருந்தைப் பொறுத்தவரை, கையுறையும் முகமூடியும் இல்லாமல் வயலில் தெளிப்பவருக்கே ஆபத்து அதிகம். வீட்டில் காய்கறியை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைத் தேடி அலைகிற நாம், நாள் முழுவதும் வாயில் அடக்கி வைத்திருப்பதை மறந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நிற்கட்டும். தம் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக நுழைக்கப் பார்க்கட்டும். மூன்றும் நுழையாவிட்டால் வாய் திறப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். பிறகு குன்யாவை வழக்கமாக ஒதுக்கும் பக்கத்துக் கன்னம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, ஈறு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுப்போலச் சிவந்த திட்டு (வெள்ளையைவிட இது அபாயமானது), இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி இவற்றில் எது தெரிந்தாலும் காலம் தாழ்த்தக் கூடாது. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மருத்துவர் சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போட்டு, முற்றிய நிலையில் வருபவர்கள் ஏராளம். வாய்ப் புண்ணில் துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை.

பாக்கை முழுமையாக நிறுத்துவது எளிதல்ல, ஏனெனில் அரிகோலினும் அடிமைப்படுத்தும் பொருளே. முதல் சில நாட்கள் எரிச்சலும் சோர்வும் வரும். ஏலக்காயோ கிராம்போ சோம்போ வாயில் போட்டுக்கொண்டு, கடை இருக்கும் வழியைத் தவிர்த்து, வீட்டுக்குப் பொட்டலம் வாங்கி வராமல் இருந்தால் கடந்துவிடலாம். ஏற்கெனவே படர்ந்த நார் நிறுத்தியதும் தானாகக் கரைந்துவிடாது. நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கவே நிறுத்துகிறோம். வாயை விரிக்கும் பயிற்சியும் சிகிச்சையும் மருத்துவர் சொல்வார். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வாயைக் காட்டிவர வேண்டும். கல்யாணம், கோயில் காரியம் என்றால் தாம்பூலத் தட்டு வைப்பதில் குறை ஒன்றுமில்லை; பெற்றுக்கொள்வது மரியாதை, அதை மென்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பர்மாவில் ஹெபடைடிஸ் பி கிருமி பரவலாக உள்ளது. 2015இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில் 100 பேரில் 6 பேருக்கு மேல் அது இருந்தது. ஈரல் புற்றுநோய்க்கு அது முக்கியமான காரணம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடுவது சிறந்தது; போடாத பெரியவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பெண் பிள்ளை இருந்தால் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி 2020 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் உண்டு. உங்கள் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பூஞ்சை பூத்த நிலக்கடலையை வறுத்தும் சாப்பிட வேண்டாம். அதிலுள்ள நஞ்சும் ஈரலைத் தாக்கும். மகன்களைக் குன்யா வாங்கி வரக் கடைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பல ஆண்பிள்ளைகள் முதல் துண்டைச் சுவைப்பது அந்தக் கடைவாசலில்தான்.