ஸ்லாட் கார் கேள்வி பதில்: போர்ஷே 956, அழகா ஓட்டமா?

ஸ்லாட் கார் என்றால் தடத்தில் உள்ள பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் சிறு மாதிரி வண்டி. ஸ்லாட்.இட் நிறுவனம் செய்த 1/32 அளவு போர்ஷே 956 பந்தயக் காரை நம் டர்பன் சாட்ஸ்வொர்த் மரத் தடத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்று படத்தோடு எழுதியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள்வோம். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது சேஸி (அடிச்சட்டம்), டயர், பாடி (மேல்கூடு). டிஜிட்டல் சிப் பக்கம் நான் போனதில்லை.

ஃபீனிக்ஸ்: அங்கிள், வண்டி பார்க்க அம்சமாக இருக்கிறது. பந்தயத்துக்கு எடுக்கலாமா? பெட்டியைப் பிரித்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக எடுக்கலாம் தம்பி. ஆனால் மாதிரியைப் பார்ப்பதற்கு முன் அதன் அசலைப் பார். அசல் 956 ஏறக்குறைய 4.77 மீட்டர் நீளம், 1.99 மீட்டர் அகலம், 1.03 மீட்டர் உயரம். 32ஆல் வகுத்தால் 149, 62, 32 மில்லிமீட்டர் வருகிறது. உயரம் அகலத்தில் பாதிதான். இப்படிப்பட்ட வண்டியை அளவு பிசகாமல் செய்தாலே வளைவில் கவிழாது. அழகுக்காக ஒன்று, ஓட்டத்துக்காக ஒன்று என்று இரண்டு வண்டி வாங்க வேண்டியதில்லை. அசலைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்கும். நான் இந்த வண்டியை மெச்சுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி பெட்டியைப் பிரி. பாடியைக் கழற்றி, சேஸியைக் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வை. ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் கேட்டால் கையகலத் துண்டு கொடுப்பார்கள், ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல். தடத்தின் பள்ளத்தில் இறங்கும் கைடு கீழே தொங்குவதால் முன்பக்கம் கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், நான்கு சக்கரமும் கண்ணாடியில் இருக்க வேண்டும். ஒரு மூலையை விரலால் தட்டு. டக் டக்கென்று ஆடினால் சேஸி முறுக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதே.

அடுத்து முன்சக்கரம். வண்டியைத் தடத்தில் வைத்து, முன்டயருக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் சொருகி இழு. லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் கைடைத் தூக்குகிறது என்று அர்த்தம், முதல் வேக வளைவிலேயே வண்டி பள்ளத்தை விட்டு வெளியே போகும். ஆக்சிலுக்கு மேலும் கீழும் உள்ள சிறு திருகுகளால் ஆக்சிலைச் சற்று மேலே ஏற்றி, முன்பக்கத்தின் உயரத்தைக் குறைத்துக்கொள்.

பிறகு பின் ஆக்சில். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, மூன்று நான்கு வோல்ட் மட்டும் கொடுத்து, வெள்ளைச் சுவரைப் பின்னணியாக வைத்து டயரின் விளிம்பைப் பார். விளிம்பு மேலும் கீழும் துள்ளினால் டயர் வட்டமாக இல்லை. ரிம்மோடு சேர்த்து ஒட்டி, உப்புத்தாள் மேல் மெதுவாகச் சுழலவிட்டுத் தேய்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் குற்றம் ரிம்மிலோ ஆக்சிலிலோ.

கடைசியாக மோட்டார் உட்கார்ந்திருக்கும் பாட். அதன் திருகுகளை இறுக்கிவிட்டு அரைச் சுற்றுத் திருப்பித் தளர்த்து. பாடித் திருகுகளைக் கால் சுற்று. பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார். மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்டால் போதும். லொடலொடவென்றால் அதிகம். இந்தத் தளர்ச்சிதான் தடத்தின் மேடுபள்ளத்தைப் பாடிக்கு ஏற்றாமல் சேஸியோடு நிறுத்துகிறது.

இவ்வளவும், வண்டியைத் தடத்தோடு இழுத்துப் பிடிக்க அடியில் வைத்திருக்கும் காந்தத்தைக் கழற்றிய பிறகுதான். காந்தம் இருந்தால் இந்தக் குறை எதுவும் கண்ணில் படாது.

டொங்காட்: காந்தத்தைக் கழற்றினால் வண்டி தடத்தில் நிற்காதே? பெட்டியிலேயே வைத்துத்தானே கொடுக்கிறார்கள்?

எந்தத் தடம் என்பதைப் பொறுத்தது. பிளாஸ்டிக் தடத்தின் தண்டவாளம் இரும்புக் கலவை, அதனால் காந்தம் இழுக்கும். நம் மரத் தடத்தில் ஒட்டியிருப்பது செம்புப் பட்டை. செம்பைக் காந்தம் இழுக்காது. அங்கே அது சும்மா சுமந்து திரியும் எடை.

பிளாஸ்டிக் தடத்திலும் நான் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காந்தத்தின் பிடி தூரம் கூடக்கூட மளமளவென்று குறையும். வால்பகுதி தண்டவாளத்தை விட்டுச் சற்று விலகியதும் பிடி மொத்தமாகப் போய், வண்டி சுவரில் இருக்கும். உங்கள் விரலுக்கு எச்சரிக்கையே கிடைக்காது. காந்தம் இல்லாத வண்டி முதலில் வாலைக் கொஞ்சம் வெளியே விடும், அதைப் பார்த்து, கையில் உள்ள வேக டிரிக்கரைத் தளர்த்த நேரம் கிடைக்கும். ஓட்டப் பழகுவது அந்த இடைவெளியில்தான்.

மெரேபேங்க்: நம் தென்னாப்பிரிக்கக் கயலாமி பந்தயத் தடத்தில் ஓடிய வண்ணத்தில் செய்ய வேண்டும். எப்படி?

நல்ல ஆசை. 1982இல் கயலாமி 9 மணி நேரப் பந்தயத்தை ஜாக்கி இக்ஸ், யோகன் மாஸ் இருவரும் 956இல் ஜெயித்தார்கள். அதே ஆண்டு பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் போர்ஷேயின் இதே தொழிற்சாலை அணிக்குத்தான். நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த கோடு: ராத்மன்ஸ் சிகரெட் நிறுவனத்தின் வண்ணம். புகையிலைப் பெயர் இல்லாமல் வரும் பெட்டிகள் உண்டு. அதையும் தவறென்று சொல்ல முடியாது, ஜெர்மனியில் ஓடியபோது அசல் வண்டியிலேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘ரேசிங்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். கயலாமி வண்டியே வேண்டுமென்றால் ஒட்டுப்படம் வாங்கி ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே அடிக்கும் வார்னிஷ் மெல்லிசாக ஒரே பூச்சு. கூரையில் ஏறும் ஒவ்வொரு கிராமும் வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். பளபளப்புக்காக நாலு பூச்சு அடித்தால் அலமாரிக்குத்தான் ஆகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன். நீங்கள் போட்ட படத்தில் ஓட்டுநருக்கு மார்புக்குக் கீழே உடம்பே இல்லை. முழு காக்பிட்டை (ஓட்டுநர் அறை) எடுத்துவிட்டு லெக்சன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தட்டை ஒட்டியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடத்தில் அசல் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதை அழகு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தம்பி, ராய் ஹெஸ்கெத் தடம் 1981இல் மூடப்பட்ட வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 956 மூடிய வண்டி. கண்ணாடி வழியாகத் தெரிவது ஹெல்மெட், தோள், பெல்ட், ஸ்டியரிங் பிடித்த கை. அவ்வளவையும் தட்டின் மேல் வைத்து வண்ணம் தீட்டியிருக்கிறேன். பெடல் வரைக்கும் கால் வைத்தால் யார் குனிந்து பார்ப்பது? கெட்டிப் பிளாஸ்டிக் காக்பிட்டை எடுத்தால் பாடி இலேசாகிறது, மோட்டார் பாட் ஆடுவதற்கும் இடம் கிடைக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மறுபடியும்: கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக இல்லாமல் விடலாமா? அப்படியானால் மேல்மூடி இல்லாத வண்டிக்கு என்ன செய்வீர்கள்?

திறந்த வண்டி என்றால் உங்கள் பக்கம்தான் நானும். அங்கே காக்பிட் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும், பாதி ஆளை உட்காரவைத்தால் பொம்மையாகிவிடும். எடையை வேறு இடத்தில் குறைக்க வேண்டும். மூடிய வண்டியில் என் கணக்கு ஒன்றே. தடத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எட்டும் எதையும் வெட்டக்கூடாது. எட்டாததை வெட்டலாம்.

லெனேசியா: நானும் இதில் சேர்ந்துகொள்கிறேன். காக்பிட் சின்ன விஷயம். ஓட்டத்துக்காகப் பாடியையே அமுக்கி அகலப்படுத்தி விற்கிறார்களே, அதைக் கேளுங்கள். சில ஜிடி வண்டிகளைப் பார்த்தால் எந்தக் கார் என்றே தெரியவில்லை. நீங்கள் புகழும், என்எஸ்ஆர் நிறுவனம் செய்த மோஸ்லரும் அந்த வகைதானே?

பாடியை அமுக்கி விற்பதைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு, பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அசலைவிட மூன்று மில்லிமீட்டர் அகலமாகச் செய்துவிட்டு அதை அசலின் பெயரிலேயே விற்றால், சரியான அளவில் செய்த தயாரிப்பாளர் நேர்மையாக இருந்ததற்காகவே தோற்கிறார். கிளப்புகள் இதற்கு இடம் கொடுக்கக்கூடாது. பரிசோதனை மேசையில் வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். அசலின் அகலத்தை 32ஆல் வகுத்து, ஒரு மில்லிமீட்டர் சலுகை கொடுத்து, அதற்கு மேல் இருந்தால் வேறு பிரிவில் ஓடட்டும்.

ஆனால் மோஸ்லர் எம்டி900ஆரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அதன் அசலே தரையோடு தரையாக, அகன்று, குட்டை மூக்கோடு இருக்கும் அமெரிக்கப் பந்தய வண்டி. பார்த்த மாத்திரத்தில் அமுக்கியது போலத் தோன்றும். சந்தேகம் என்றால் அளந்துவிட்டுப் பேசுங்கள். 956இல் காலிப்பர் வைத்தேன், அகலம் கணக்கோடு ஒத்துப்போகிறது. சக்கர இடைவெளி அசலில் 2.65 மீட்டர், மாதிரியில் 83 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் சரி. முன்கண்ணாடியின் வளைவு, கதவுக்குப் பின்னால் உடம்பு உள்வாங்கும் இடம், இரண்டும் படத்தோடு பொருந்துகின்றன. என் கண்ணுக்கு உறுத்துவது முன்டயர் மட்டும். அது அசலைவிட ஒல்லி. உருளும் உராய்வைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள், அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: முன்டயரைப் பொறுத்துக்கொள்வீர்கள், நான் கால் இல்லாத ஓட்டுநரைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? கயலாமி என்றால் 1984இல் ஜெயித்த லான்சியா எல்சி2ஐயும் பேசுங்கள். அதை முழு காக்பிட்டோடு ஓட்டிக் காட்டுகிறேன்.

கொண்டு வாருங்கள். பத்ரேசே, நன்னினி இருவரும் அந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்தை ஓட்டி ஜெயித்த வண்டி, மார்ட்டினி கோடுகளோடு 956க்கு எந்த வகையிலும் அழகில் குறைந்ததில்லை. ஒரே டயர், ஒரே வோல்ட், ஒரே லேன், காந்தம் இல்லாமல். முழு காக்பிட்டோடு அது என் வண்டியை முந்தினால் லெக்சன் தட்டை நானே எடுத்துவிட்டுப் பழைய காக்பிட்டை மாட்டுகிறேன். இந்த வழக்கை இத்தோடு இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெருலம்: காந்தம் வேண்டுமா வேண்டாமா?

டொங்காட் கேள்விக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஸ்டேங்கர்: எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். ரப்பர், சிலிகான், யூரித்தேன் மூன்றில் எது? காலையில் நன்றாகப் பிடித்த டயர் மாலையில் வழுக்குகிறது.

டயரைக் குற்றம் சொல்லாதீர்கள், தடத்தைத் துடைத்தீர்களா? சிலிகான் சுத்தமான தடத்தில் அட்டையாக ஒட்டும், தூசி படிந்தால் உடனே விட்டுவிடும். ரப்பர் கொஞ்சம் அழுக்கைத் தாங்கும், நாலு சுற்று ஓடிச் சூடானால் இன்னும் பிடிக்கும். யூரித்தேன் நடுவாந்திரம், தேய்த்து வட்டமாக்குவதும் எளிது. சிலிகானைச் சாதாரண உப்புத்தாளில் தேய்க்கப் போய்க் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பக்கத்து ஈரக் காற்றில் திறந்த ஜன்னல் பக்கம் தடம் போட்டால் தூசியும் ஈரமும் சேர்ந்து பசைபோலப் படியும். செம்புப் பட்டையும் கறுக்கும். ஓட்டுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். டயரை மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் உருட்டி எடுங்கள், வரும் அழுக்கைப் பார்த்தால் மாலையில் ஏன் வழுக்கியது என்று புரியும். எம்டிஎஃப் பலகையில் தடம் செய்வதாக இருந்தால் அடிப்பக்கத்துக்கும் வெட்டு விளிம்புக்கும் பெயின்ட் அடித்த பிறகு பொருத்துங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் பலகை வளைந்துவிடும்.

இன்னொன்று: ஒரே தடத்தில் ஒருவர் சிலிகானும் இன்னொருவர் எண்ணெய் தடவிய ரப்பரும் ஓட்டக்கூடாது. அந்த எண்ணெய் சிலிகான்காரரின் நாளைக் கெடுக்கும்.

இசிபிங்கோ: எண்ணெய் எவ்வளவு விட வேண்டும்?

ஊசி முனையில் நிற்கும் அளவு. ஆக்சில் புஷ்ஷுக்கும் மோட்டாரின் இரு முனைக்கும் மட்டும். டயருக்கோ, கைடில் இருந்து கரன்ட் எடுக்கும் பிரெய்டுக்கோ போகக்கூடாது.

லாடியம்: 956க்கு டிஜிட்டல் சிப் வைக்க எந்தக் கம்பியை எங்கே இணைப்பது?

முதலிலேயே சொன்னேன், அது என் துறை இல்லை. உங்கள் தடத்தின் நிறுவனம் சொல்லும் சிப்பை அவர்கள் படத்தைப் பார்த்தே இணையுங்கள்.

சாட்ஸ்வொர்த்: கரன்ட் வெட்டி மறுபடி வந்ததும் வண்டி வேறு மாதிரி ஓடுகிறது. காந்தம் பலவீனமாகிவிட்டதா?

காந்தத்துக்கும் கரன்டுக்கும் சம்பந்தமில்லை. நம் மரத் தடமாக இருந்தால் அந்தக் காந்தம் இன்னும் வண்டியில் ஏன் இருக்கிறது? கரன்ட் வெட்டும் சமயம் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி வையுங்கள். கரன்ட் திரும்பும்போது வரும் துள்ளல் மலிவான அடாப்டரைக் கெடுத்துவிடும். வோல்ட்டை நிலையாகத் தரும் சப்ளை வாங்கி 12இல் வையுங்கள். வோல்ட் ஏறி இறங்கினால் எந்த வண்டியையும் மதிப்பிட முடியாது.

ஃபீனிக்ஸ், வேறொருவர்: எடைக்காக ஈயம் ஒட்டினால் நல்லதா?

முதலில் ஒட்டாமல் ஓட்டுங்கள். நேர்ப்பாதையில் முன்பக்கம் தூக்கினால் கைடுக்குப் பின்னால் இரண்டு மூன்று கிராம், சேஸியின் தரைமட்டத்தில். பாடியில் ஒருபோதும் வேண்டாம்.

வெருலம், ஒரு தாய்: அண்ணா, எட்டு வயது மகனுக்கு இந்த 956ஐ வாங்கிக் கொடுக்கலாமா? படத்தைப் பார்த்து ஒரே பிடிவாதம்.

இப்போது வேண்டாம்மா. பின்இறக்கை முதல் நாளே உடையும், பிள்ளை அழுவான். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கோ கரேராவோ, இரண்டு வண்டியும் தடமும் சேர்ந்த பெட்டி ஒன்று வாங்குங்கள். இறக்கை இல்லாத கெட்டியான வண்டியாகப் பாருங்கள். அதில் காந்தம் இருக்கட்டும், கழற்ற வேண்டாம். இவ்வளவு நேரம் நான் சொன்னது பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு, எட்டு வயதில் வண்டி தடத்தில் நின்றால்தான் விளையாட்டில் ஆசை வரும். எல்லா வளைவையும் விழாமல் சுற்றப் பழகிவிட்டு, இன்னும் வேகம் வேண்டும் என்று அவனே கேட்கும்போது சாட்ஸ்வொர்த்துக்கு அழைத்து வாருங்கள். என் 956ஐ அவன் கையில் கொடுத்து, குறைந்த வோல்ட்டில் ஓட்டவிடுகிறேன்.