சிபிலில் விழுந்த கறை எப்போது போகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இரண்டு இஎம்ஐ தாமதமாகக் கட்டிவிட்டேன். எத்தனை காலம் சிபில் ரிப்போர்ட்டில் தெரியும்?

சிபில் என்பது யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று குறித்து வைக்கும் நிறுவனம். அதன் ரிப்போர்ட்டில், மாதாமாதம் கட்டிய விவரம் காட்டும் கட்டங்களில் கடைசி 36 மாதம் வரும். புது மாதம் சேரச் சேரப் பழையது நகர்ந்துவிடும். இனி ஒழுங்காகக் கட்டுங்கள்.

ஏழு வருஷம் ஆனால் எல்லாம் தானாக அழிந்துவிடுமாமே?

யார் சொன்னது? ஏழு என்ற எண் விதியில் இருக்கிறது, சரி. ஆனால் தகவலை 'குறைந்தது' ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஏழு முடிந்ததும் அழித்தாக வேண்டும் என்று இல்லை. கட்டாத கடன் அதற்கப்புறமும் தலைகாட்டும். வங்கி வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு வேறு விஷயம். அதற்கும் சிபிலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

என் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) 620. என்ன செய்யலாம்?

'காய்ச்சல் 102, என்ன மாத்திரை?' என்று கேட்பது போல இருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்தீர்களா? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கார்டு பாக்கி 80,000. வங்கியே 35,000 போதும் என்றது, கட்டினேன். நான்கு வருஷம் கழித்து வீட்டுக் கடன் மறுக்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நீங்கள் கடனை முடிக்கவில்லை, செட்டில்மென்ட் செய்திருக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) என்று வர வேண்டிய இடத்தில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டியது) என்று விழுந்திருக்கும். 'வாங்கியதில் பாதியைக் கட்டாதவர்' என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும். வசூலுக்குப் பேசுகிறவர் போனில் 'இதோட முடிஞ்சுது சார்' என்பார். முடிந்தது அவருடைய அந்த மாதக் கணக்கு. என் நெருங்கிய உறவினர் ஒருவரே இதில் மாட்டினார். கையில் ரசீது தவிர ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

வேலை போய், வேறு வழியே இல்லாமல் செட்டில்மென்ட் செய்தால் தப்பில்லை. கட்டாமல் கிடப்பதைவிட மேல். ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

இப்போது உங்களுக்கு வழி: தள்ளிக் கொடுத்த 45,000 சொச்சத்தைக் கட்டத் தயார், 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று வங்கிக்கு எழுதுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பணம். பிறகு 'நோ டியூ' கடிதம், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தரும் கடிதம். வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது சிபிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஒரு மாதம் விட்டு ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் 'ரிட்டன் ஆஃப்' (written off) என்று இருக்கிறது. கடன் தள்ளுபடியா?

இல்லை. அது வங்கி தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டது. நீங்கள் இன்னும் கட்ட வேண்டும். செட்டில்டைவிட மோசமான கறை.

நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டாததற்கு என் சிபில் ஏன் கெட வேண்டும்?

கையெழுத்துப் போட்டதால்.

கட்டி முடித்த கடன் பாக்கி என்றே காட்டுகிறது. புகார் செய்தும் பதிலில்லை.

எப்போது, யாரிடம் என்று எழுதவில்லையே! புகாரை வங்கியும் சிபிலும் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். 'நோ டியூ' கடிதம் இருக்கிறதல்லவா?

15,000 கொடுத்தால் ஒரே வாரத்தில் கறையை எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில்கூட ஓர் எழுத்தை மாற்ற முடியாது. நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே புகாரைத்தான் அவரும் போடுவார். ஓடிபி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடிக்கடி ரிப்போர்ட் பார்த்தால் ஸ்கோர் குறையுமா?

நீங்கள் பார்த்தால் குறையாது. ஒரே வாரத்தில் பத்து இடத்தில் கடன் கேட்டு, பத்துப் பேரும் பார்த்தால் குறையும்.