ஓஆர்எஸ் போஸ்டர்ல டம்ளரை எடுத்துடுங்க
உங்க போஸ்டரைப் பார்த்துட்டு தாராவியில நம்ம அம்மாமார் முழு ஓஆர்எஸ் (வயித்துப்போக்குக்குத் தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டையும் ஏன் ஒரே டம்ளர்ல கொட்டுறாங்கன்னு கேட்டிருந்தீங்க. அவங்க மேல தப்பில்லைங்க, நீங்க வரைஞ்சதே பாக்கெட்டும் டம்ளரும்தானே! ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா உப்பு எக்கச்சக்கமா ஏறிடும், குழந்தைக்கு ஆபத்து. கடையில விக்கிற ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை மூடி, இடுப்பு வளைவோட அப்படியே வரைங்க. அதுக்கு முன்னாடி கிளினிக்ல எந்தப் பாக்கெட் தர்றாங்கன்னு பாருங்க. 200 மில்லிக்கான சின்னதும் இருக்கு, அதுக்குப் பாட்டில் படம் போட்டா கரைசல் நீர்த்துப் போயிடும்.

குழந்தை ரெண்டு வயசுக்குள்ள இருந்தா, கரைசலை ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் குடுக்கணும். அந்த ஸ்பூனைப் பெருசா போடுங்க.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்தை மறைச்சுட்டு, "இதுல என்ன செய்யச் சொல்லுது அக்கா?"ன்னு நாலு பேர்கிட்ட கேளுங்க. "புரிஞ்சுதா"ன்னு மட்டும் கேட்காதீங்க, எல்லாரும் தலையாட்டிடுவாங்க.