கல்விக்கு நூறு என்றால் கல்லூரிக்குப் பதினைந்தா?

வணக்கம். எங்கள் தெரு நூலகத்தில் எழுந்த விவாதம் இது. 2025-26இல் ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கு 1,28,650 கோடி ரூபாய். அதில் உயர்கல்விக்கு 50,078 கோடி, ஏறத்தாழ 39 சதவீதம். அதே ஆண்டில் தமிழ்நாடு பள்ளிக்கல்விக்கு 46,767 கோடியும் உயர்கல்விக்கு 8,494 கோடியும் ஒதுக்கியது. இரண்டையும் கூட்டி, அதில் உயர்கல்வியின் பங்கைப் பார்த்தால் 15 சதவீதம்தான் வருகிறது. கல்லூரிகளை மாநிலம் கைகழுவிவிட்டது என்கிறார் நண்பர். கணக்கு சரிதானா? சேலம் மாவட்டத்துக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வகுத்தது சரி; துல்லியமாக 15.4. ஒப்பிட்டதுதான் தவறு. ஒன்றிய அரசு நேரடியாக நடத்துவது கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற கொஞ்சம் பள்ளிகளை. ஐ.ஐ.டி.க்களும் மத்தியப் பல்கலைக்கழகங்களும் அதன் பொறுப்பு. ஊருக்கு ஊர் பள்ளி நடத்தி ஆசிரியர்களுக்குச் சம்பளம் போடுவது மாநிலம். பள்ளி ஆசிரியர் சம்பளச் செலவு உயர்ந்தால் பள்ளிக் கணக்கு வீங்கும், கல்லூரியின் பங்கு சுருங்கும். அதற்காகக் கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை.

பெரிய ஓட்டை தொகுதி எண்ணில், அதாவது வகுக்கும்போது மேலே வைக்கும் எண்ணில், இருக்கிறது. துறைவாரியாகச் சட்டமன்றத்திடம் அரசு பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. நீங்கள் எடுத்த 8,494 கோடி மானியக் கோரிக்கை எண் 20, அதாவது உயர்கல்வித் துறையின் தொகை. சேலத்தையே சுற்றிப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரி, கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் பணம் அதிலிருந்து போகிறது. மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்கு மக்கள் நல்வாழ்வுத் துறை, கோரிக்கை எண் 19. சட்டக் கல்லூரிக்குச் சட்டத் துறை. ஏற்காட்டுத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதன் கணக்கு வேளாண்மைப் பக்கம். கைத்தறித் தொழில்நுட்பக் கழகமோ ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கீழ். 39 சதவீதக் கணக்கிலும் அது வராது. மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் சமூகநலத் துறையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியம் கோரிக்கை எண் 50இல். எதிர்ப்பக்கமும் உண்டு: ஆவணக் காப்பகம் உயர்கல்வித் துறைக்குள் வருகிறது, பொது நூலகங்கள் பள்ளிக்கல்வித் துறைக்குள் வருகின்றன. உங்கள் விவாதம் நடந்த நூலகம் அரசுடையது என்றால், அதன் செலவும் பகுதி எண்ணில், அதாவது கீழே வைத்த எண்ணில், ஏறியிருக்கிறது!

ஆகவே துறையை விட்டுவிட்டுக் கணக்குத் தலைப்பைப் பிடியுங்கள்; எந்தக் காரியத்துக்குச் செலவு என்று காட்டும் குறியீட்டு எண் அது. இந்த எண்கள் எல்லா மாநிலங்களுக்கும் பொது. 2202 பொதுக் கல்வி; அதில் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி, 03 பல்கலைக்கழகமும் உயர்கல்வியும். 2203 தொழில்நுட்பக் கல்வி. கட்டடம் போன்ற மூலதனச் செலவு 4202. மருத்துவக் கல்வியையும் சேர்க்க நினைத்தால் 2210இல் 05. வேளாண் கல்விக்கு 2415, ஆனால் அங்கே ஆராய்ச்சியும் கூடவே இருக்கும், பிரித்தெடுக்க வேண்டும். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்துவிடுங்கள்.

இங்கே பலரும் சறுக்குவார்கள். வேறு துறையிலிருந்து 1,000 கோடி எடுத்துச் சேர்ப்பதாக வையுங்கள். மேலே மட்டும் கூட்டினால் 17.2 சதவீதம். கீழேயும் கூட்ட வேண்டும், அப்போது 16.9.

அடுத்தது, கோரிக்கைப் புத்தகத்தில் எந்தப் பத்தியிலிருந்து (column) எண்ணை எடுக்கிறீர்கள் என்பது. வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்குகள் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். கணக்குகள் என்பதுதான் உண்மையில் செலவானது. அது இரண்டு ஆண்டு பழையது. ஓர் ஆண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் கணக்கோடு ஒப்பிட்டால் வீழ்ச்சியோ ஏற்றமோ தானாக முளைக்கும். மதிப்பீட்டை மதிப்பீட்டோடு வைத்தால் 2023-24இல் 14.7, 2024-25இல் 15.7, 2025-26இல் 15.4. கைகழுவியதாக இதில் தெரியவில்லை. பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) ஒன்றிய அரசு 2,152 கோடியை நிறுத்திவைத்ததுபோல ஏதாவது நடந்தால், மதிப்பீடு ஒன்று சொல்லும், கணக்கு வேறு சொல்லும். ஒன்றியச் செலவையும் மாநிலச் செலவையும் கூட்டும்போதும் இத்தகைய திட்டப் பணம் இரண்டு முறை விழாமல் பார்க்க வேண்டும்.

நண்பரின் ஆதங்கம் முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18-23 வயதினர் தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு, 47. நாட்டின் சராசரி 28.4. அரசுக் கல்லூரிகள் மட்டும் இதைச் சுமக்கவில்லை. சுயநிதிக் கல்லூரிகளுக்குப் பெற்றோர் கட்டும் பணம் எந்தக் கோரிக்கையிலும் வராது. சண்டை போடுவதென்றால் சதவீதத்தை விட்டு 4202ஐப் பாருங்கள். ஆய்வகமும் வகுப்பறையும் கட்ட எவ்வளவு என்று அங்கே தெரியும்.

சேலத்துக்கு மட்டும் போட முடியாது. கோரிக்கைப் புத்தகம் மாவட்டவாரியாகப் பிரிக்கப்பட்டதல்ல; 2202-03-103 என்றால் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் அத்தனையும் சேர்ந்த தொகை, 104 என்றால் உதவிபெறும் கல்லூரிகளுக்கான மானியம். நிறுவனவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கேட்டால் ஆண்டுக் கணக்கறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்: தேர்வுக் கட்டணம், அதோடு இணைந்த கல்லூரிகள் செலுத்தும் இணைப்புக் கட்டணம் எல்லாம் அதன் சொந்த வருவாய். அரசு மானியத்தோடு அதைக் கலந்து எழுதிவிடாதீர்கள்.