ராகி யின்னா, யாங்கா?

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த யின்-யாங் உணவுப் பட்டியல் ஒன்றில் ராகி யின் என்றிருக்கிறது, இன்னொன்றில் யாங். எது சரி? நம்ம ஊர் சூடு, குளிர்ச்சியும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பட்டியல் போட்டதே தப்பு. யின் என்ற சீனச் சொல் முதலில் குறித்தது மலையின் நிழல் பக்கத்தை. யாங், வெயில் பக்கத்தை. வட சீனாவில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கே சாய்ந்திருப்பதால் மலையின் தென்புறம் யாங் ஆனது. தர்மபுரியில் அந்தக் கணக்கு நிற்காது. இங்கே ஏப்ரல் 22 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் சற்று வடக்கே நிற்கும். வத்தல்மலையின் எந்தச் சரிவு வெயிலில் காய்கிறது என்று கேட்டால், எந்த மாதம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ராகிக்கும் அதே கேள்விதான்: எந்த மாதம், எப்படிச் சமைத்தது, எதோடு?

சித்திரையில் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக் குடிக்கும் கூழும், மார்கழிக் குளிரில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிதுக்கம் பருப்புக் குழம்போடு ஆவி பறக்க இறங்கும் களியும் ஒரே மாவுதான்.

பட்டியல்கள் முட்டிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. சீன மருத்துவம் உணவைச் சூடு, இளஞ்சூடு, நடுநிலை, இளங்குளிர்ச்சி, குளிர்ச்சி என்று பிரிக்கும்; குளிர்ச்சி யின் பக்கம், சூடு யாங் பக்கம். ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவா பரப்பிய மேக்ரோபயாட்டிக் என்ற உணவு முறையிலோ விரியச் செய்வது யின், சுருங்கச் செய்வது யாங். சர்க்கரை அந்தப் பக்கம், உப்பு இந்தப் பக்கம். இரண்டையும் கலந்து யாரோ பட்டியல் எழுதிவிடுகிறார்கள். ஓசாவா முறையின் கடைசிப் படியில் தானியம் மட்டும்தான் உண்டு. 1960களில் அமெரிக்காவில் அதைப் பிடிவாதமாகப் பின்பற்றிச் சிலர் ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) விழுந்தார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. சமநிலை என்ற பெயரில் தட்டிலிருந்து மற்ற உணவுகளை ஒதுக்காதீர்கள்.

சித்த மருத்துவமோ வாதம், பித்தம், கபம் என மூன்றை வைத்துப் பேசுகிறது. சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு பக்கத்து வீடுபோலத் தோன்றினாலும் கணக்கு வேறு.

கேள்வி: களியில் கட்டி தட்டுகிறது, நடுவில் பச்சை மாவு. எங்கே தவறு?
– வாசகர், பென்னாகரம்

பதில்: மாவைக் கொட்டியதும் கிண்டுகிறீர்கள். கொதிநீர் பட்ட மாவின் மேல்தோல் உடனே வெந்து பசையாகிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே போகாது. அதுதான் கட்டி.

கால் டம்ளர் அரிசி நொய்யை மூன்று டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். ஒரு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கோலால் குவியலின் மையத்தில் அடிவரை ஒரு குழி. கிண்டக் கூடாது. தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். கொதிக்கும் நீர் குழி வழியே மேலேறி, மாவின் ஓரம் கருத்து வரும். இப்போது இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு ஒரே பக்கமாக அழுத்திக் கிண்டுங்கள். மறுபடி மூடி, சிறு தீயில் மூன்று நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. பழைய மாவாக இருந்தால் கசக்கும், அதைக் கிண்டிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: களி சமநிலை உணவு, சுகர் ஏறாது என்கிறார்கள். இரண்டு உருண்டை சாப்பிடலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஏறும். 60 கிராம் மாவில் கிண்டிய ஓர் உருண்டையிலேயே மாவுச்சத்து 40 கிராமுக்கு மேல். நீர்க்கக் கரைத்த கூழ் இன்னும் வேகமாக ஏற்றும்.

ஓர் உருண்டையோடு நிறுத்துங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து வேகவைத்த கொள்ளுக் கடைசல் ஒரு கிண்ணம் (காய்ந்த கொள்ளு 30 கிராம் என்றால் புரதம் ஆறு கிராமுக்கு மேல்), கீரை ஒரு கிண்ணம். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை சுகர் பாருங்கள், உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பது அதில் தெரியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கொள்ளின் அளவை மருத்துவரிடம் கேட்டே வையுங்கள்.

கேள்வி: மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டுவைத்தால் சூடு போய் யின் ஆகிவிடுமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆகாது. ஆனால் போட்டுவைப்பது நல்ல பழக்கம். காம்பில் வடிந்து தோலில் காய்ந்த பால்தான் பலருக்கு உதட்டோரம் எரிச்சலையும் கொப்புளத்தையும் கொண்டுவருகிறது. அரை மணி நேரம் ஊறியபின் கையால் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கம் அரை விரல் அளவு வெட்டி எறியுங்கள். செந்தூராவோ பெங்களூராவோ, தோலைப் பல்லால் கடித்து உரிக்க வேண்டாம்.